வன்னியைக் காட்ட வன்னிப் பிள்ளைகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நீர்ப்பாசனப் பகுதியில் முப்பத்தொரு வருடம் வேலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். வீடு ஒட்டுசுட்டான் பக்கம். வாய்க்கால் தண்ணீர், யானை வேலி என்று முன்பும் உங்கள் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறேன். இன்று எழுதுவது வேறொரு விடயம்: வன்னிக்கு வருகிறவர்களுக்கு எங்கள் ஊர்களை எங்கள் பிள்ளைகளே காட்டவேண்டும் என்பது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலிபோர்னியாவில் இருக்கும் இளைய மகள் வீட்டுக்கு மனைவியும் நானும் போயிருந்தோம். பேத்தியின் பள்ளி விடுமுறை வந்ததும் எல்லோரையும் ஹவாய்த் தீவுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மருமகனுக்கு ‘லாஸ்ட்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் பெரிய பைத்தியம். விமானம் விழுந்து ஒரு தீவில் அகப்பட்டவர்களின் கதை. அது பெரும்பாலும் எடுக்கப்பட்டது ஹவாயின் ஒவாஹு என்ற தீவில். அந்தப் படப்பிடிப்பு இடங்களைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸுக்கு ரிக்கற் எடுத்துத் தந்தார். தொடரில் ஒரு காட்சியும் பார்த்திராத நான் பிள்ளைகளின் ஆசைக்காகத்தான் ஏறினேன். இறங்கும்போது மனதில் இருந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

குவாலோவா என்பது தீவின் கிழக்குக் கரையில் உள்ள பெரிய மாட்டுப் பண்ணை. ஏறத்தாழ 4000 ஏக்கர். இன்றைக்கும் அங்கே மாடு மேய்கிறது. மலையடிவாரத்தில் காஆவா என்றொரு பள்ளத்தாக்கு. ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் டைனோசர் கூட்டத்துக்குப் பயந்து பிள்ளைகள் ஒளிந்த மரக்குற்றி இன்னும் அதில் கிடக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு பலகை: இன்ன படம், இன்ன வருடம். ‘லாஸ்ட்’ தொடரில் தப்பியவர்கள் கொல்ப் விளையாடிய புல்வெளிக்கு வந்ததும் மருமகன் சின்னப் பிள்ளைபோலக் குதித்து இறங்கிப் படம் எடுத்தார்.

எனக்குப் பிடித்தது பலகையல்ல, வழிகாட்டிப் பொடியன். இருபத்தைந்து வயதிருக்கும். பஸ்ஸை ஓட்டிக்கொண்டே பேசினான். தாய்வழியில் ஹவாய்க்காரன், அந்தக் கரையிலேயே பிறந்தவன். எந்த இடத்தில் நிறுத்தினாலும் முதலில் அந்த இடத்தின் பழைய பெயரைச் சொன்னான், பிறகு பெயரின் கருத்தை, அதற்குப் பிறகுதான் படத்தை. காஆவா என்பது அவர்களுடைய ஒரு கடல்மீனின் பெயர். கரைக்கு எதிரே கடலில் தெரியும் கூம்பான சின்னத் தீவு மோக்கோலியி, ‘சின்னப் பல்லி’. தெய்வமொன்று கொன்ற பெரும் பல்லியின் வால் என்று கதை. குவாலோவா அரச பிள்ளைகளை வளர்த்த புனித நிலம், அந்தக் கரையைக் கடக்கிற வள்ளங்கள் பாயை இறக்கி மரியாதை செய்தன. 1850இல் அந்த நிலத்தை அரசரிடமிருந்து ஒரு அமெரிக்க மருத்துவர் வாங்கியதையும் அவன் மறைக்கவில்லை. பேத்தி என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். இதைக் கேட்கக் கேட்க எனக்கு எங்கள் ஊர்ப் பெயர்தான் நினைவில் வந்தது. குரக்கன் வெட்டியபின் மிஞ்சிய தாளை, அதாவது ஒட்டை, சுட்டபோது தான்தோன்றீஸ்வரர் வெளிப்பட்ட இடம் ஒட்டுசுட்டான் என்று எங்கள் ஆச்சி சொன்ன கதையை நான் இதுவரை ஒரு வெளியூர்க்காரருக்கும் சொன்னதில்லை. ஒருவரும் கேட்டதுமில்லை.

அந்தத் தீவு திரையில் எந்த நாடாகவும் நடிக்குமாம். தொடரில் கொரியா என்று காட்டியது அங்குள்ள ஒரு ஜப்பானிய பாணிக் கோயில். சிட்னி விமான நிலையம் என்று காட்டியது ஹொனலூலூவின் மாநாட்டு மண்டபம். உலகம் முழுவதும் அந்த நிலத்தைப் பார்த்திருக்கிறது, வேறு பெயர்களில். அதனால்தான் அந்தப் பொடியன் உண்மைப் பெயரை முதலில் சொல்கிறான் என்று நான் எண்ணினேன்.

பிறகு பங்கருக்கு வந்தோம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவம் அந்தக் காணியை எடுத்து விமான ஓடுபாதை போட்டது. மலையைக் குடைந்து கொங்கிறீற்றில் பங்கரும் கட்டியது. போர் முடிந்து காணி திரும்பவும் உரியவர்களிடம் போனது. இப்போது பங்கருக்குள்ளே படங்களின் சுவரொட்டிகளும் நடிப்புக்குப் பயன்பட்ட சாமான்களும் வைத்திருக்கிறார்கள். சனம் சிரித்துக்கொண்டு உள்ளே போய் வருகிறது.

என் மனைவி போகவில்லை. வாசலில் நின்று கொங்கிறீற் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றா. “குளிருது” என்று மட்டும் சொன்னா. எங்களுக்குத் தெரிந்த பங்கர் குளிராது. பனங்குற்றி அடுக்கி மண் போட்டது, உள்ளே வேர் நாற்றமும் வேர்வையும். கடைசி மாதங்களில் குற்றியும் இல்லை, உரப்பையும் இல்லை. சீலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பி அடுக்கினோம். மனைவியின் கூறைச்சீலையும் அதில் போனது. சிவப்பில் பொன் கரை. மழையில் நனைந்த பிறகும் அந்தக் கரை மண்ணுக்குள்ளால் மினுங்கியது இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தத் தொடர் ஓடியது 2004 செப்டெம்பரிலிருந்து 2010 மே மாதம் வரை. தொடங்கி மூன்று மாதத்தில் முல்லைத்தீவுக் கரையைச் சுனாமி அடித்தது. 2008இல் மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்டோம். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளத்து முகாம் கொட்டில்கள். மருமகன் வெளிநாட்டு விடுதி அறையில் இருந்து கிழமைக்குக் கிழமை அந்தத் தொடரைப் பார்த்த காலத்தில் தன் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் இருந்தவர். தனிய இருந்தவருக்கு அது துணை என்று அன்றைக்குத்தான் எங்களுக்குச் சொன்னார்.

பங்கர் வாசலில் நின்ற மனைவியைக் கண்டு வழிகாட்டிப் பொடியன் பேத்தியிடம் விசாரித்தான். அவள் சொன்னாள். அவன் கொஞ்சநேரம் பேசாமல் நின்றுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டது ஒரேயொரு கேள்வி: “உங்கள் இடத்தை வருகிறவர்களுக்கு யார் காட்டுகிறார்கள்?”

என்னிடம் பதில் இருக்கவில்லை.

போர் முடிந்த கையோடு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரம் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்த்தார்கள், பக்கத்தில் நினைவுப்பொருள் கடையும் இருந்தது. புதுக்குடியிருப்புப் பக்கத்தில் புலிகளின் நிலக்கீழ்ப் பங்கரைப் பார்த்தார்கள், 2013இல் அதைத் தகர்க்கும் வரை. முல்லைத்தீவுக் கடலில் தரைதட்டி நின்ற ஃபாரா கப்பலையும் பார்த்தார்கள். வந்தவர்களில் நான் பிழை காணவில்லை. தேத்தண்ணீர் கேட்டு வந்தவர்களுக்கு எங்கள் வீட்டிலும் கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்தத் தாங்கியில் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒரு கிளிநொச்சிப் பிள்ளையை நிறுத்தி, நீ சொல்லு என்று கேட்டதை நான் காணவில்லை.

இப்போதும் அதுதான் நடக்கிறது. போன வருடம் தைப்பூசம் கழிந்து ஒரு கிழமை. முத்தையன்கட்டுக் குளக்கட்டில் காலை நடை போய்க்கொண்டிருந்தேன். ஒரு வான் வந்து நின்றது. உள்ளே லண்டனிலிருந்து வந்த எங்கட பிள்ளைகள், ஆறேழு பேர். கூட்டிவந்த வழிகாட்டி வெளியூர், எந்தக் கொம்பனி என்பது இங்கே தேவையில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அதில் ஒரு பெட்டைப் பிள்ளை எனக்குத் தமிழில் சொன்னாள்: போருக்குப் பிறகு வெளிநாட்டுக் காசில் வெட்டிய குளமாம் இது. நான் கிட்டப்போய், “தம்பி, இது பேராற்றை மறித்துக் கட்டிய பழைய குளம். எங்கட காலத்தில் திருத்தினோமே தவிர வெட்டவில்லை” என்றேன். “ஐயா, எங்களுக்கு இன்னும் மூன்று இடம் கிடக்கு” என்று வானில் ஏறிவிட்டார். அந்தப் பிள்ளை கண்ணாடிக்குள்ளால் குளத்தையே பார்த்துக்கொண்டு போனது. அவளுடைய அம்மம்மா இந்தத் தண்ணீரில் நெல் விதைத்தவவாகவும் இருக்கலாம்.

குவாலோவாவில் நான் அதிக நேரம் நின்ற இடத்தையும் சொல்லவேண்டும். படப்பிடிப்பு இடங்களுக்கு நடுவே மோலியி என்ற மீன்குளம் இருக்கிறது. கடலோரத்தைக் கல்லணையால் வளைத்து, சுமார் 800 வருடத்துக்கு முன் கட்டியது, 125 ஏக்கர் வரும். மற்றவர்கள் படம் எடுக்க, நான் அதன் துருசை, தண்ணீர் போய்வரும் மடையை, பார்த்தேன். அவர்கள் அதை மாகாஹா என்கிறார்கள். நெருக்கமாக நிறுத்திய கம்புகள். கடலிலிருந்து குஞ்சு மீன் அதற்குள்ளால் நுழையும். உள்ளே தின்று கொழுத்த பிறகு வெளியே போக இடைவெளி காணாது. வற்றுக்கும் பெருக்குக்கும் தண்ணீர் தானாக மாறிக்கொள்கிறது. இரும்பில்லை, சீமெந்தில்லை. இருந்து கம்பைத் தடவிப் பார்த்தேன். “அம்மப்பா, பஸ் வெளிக்கிடப் போகுது” என்று பேத்தி கூப்பிட்டபிறகுதான் எழும்பினேன். தண்ணீரை நம்பிப் பிழைத்த மனுசன் எங்கே இருந்தாலும் அவனுடைய மூளை ஒரு பக்கமாகத்தான் ஓடியிருக்கிறது. அந்தக் குளத்தையும் படங்களோடு சேர்த்தே காட்டுகிறார்கள். படம் பார்க்க வருகிறவர் குளத்தையும் அறிந்துகொண்டு போகிறார்.

எங்களிடம் காட்ட என்ன இல்லை? வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் கடல்நீரில் விளக்கெரிக்கிறார்கள். கற்சிலைமடுவில் 1803 ஒக்ரோபர் 31இல் பண்டாரவன்னியன் தோற்ற இடம் என்று வெள்ளைக்காரன் நாட்டிய கல். மாரியில் நிறைந்து வான் பாயும்போது இரணைமடுக் குளம். பாலைப்பழக் காலத்தில் காட்டோரம் முழுவதும் தேன் மணம். களனி ஆற்றங்கரையில் கித்துல்கலைக்குப் போய்ப் பாருங்கள். 1957இல் வெளிவந்த ‘க்வாய் நதிப் பாலம்’ படத்துக்காக அங்கே கட்டிய பாலம் படத்திலேயே தகர்க்கப்பட்டது. எஞ்சிய அடித்தளத்தை ஊர்ப் பொடியன்கள் இன்றும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ஒரு படத்தின் மிச்சத்தை அவர்கள் அவ்வளவு அக்கறையாக வைத்திருக்கிறார்கள்.

எங்கட இளைஞர்களும் இப்போது குறும்படம், பாட்டு, தொடர் என்று வன்னியில் எடுக்கிறார்கள். மனம் நிறைந்த சந்தோசம். வன்னி என்று முன்பு திரையில் காட்டிய காடுகள் பலதும் எங்கள் காடல்ல, பாலையும் வீரையும் முதிரையும் இல்லாத வன்னிக்காடு ஏது? ஆனால் இவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒரு பாட்டுக்குப் படம் எடுக்க வந்தவர்கள், தண்ணீர் சீறிப் பாய்வதைக் காட்டத் துருசைப் பத்து நிமிடம் திறந்துவிடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். சிறுபோகக் கூட்டத்தில் கமக்காரர் எல்லோரும் இருந்து எந்த நாள் எவ்வளவு என்று தீர்மானித்த தண்ணீர் அது. கோபித்துக்கொண்டு போனார்கள். மாரியில் வந்தால் வான் பாய்வதை வேண்டியமட்டும் எடுத்திருக்கலாம், ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. பிறகு அந்தப் பாட்டைப் பார்த்தேன். குளம் வருகிறது, கட்டு வருகிறது, மருதமரம் வருகிறது. முடிவில் ஓடும் பெயர்களில் உடுப்புத் தைத்தவர் இருக்கிறார், சாப்பாடு கொடுத்தவர் இருக்கிறார், குளத்தின் பெயர் இல்லை. முடிவில் ஒரு வரியாவது ஊர்ப் பெயரைப் போடுங்கள் என்று அவர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன்.

பொறுப்பானவர்களிடம் கேட்பது இது. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை நாடு முழுவதற்குமான வழிகாட்டிகளுக்கு மட்டுமல்ல, பிரதேச வழிகாட்டிகளுக்கும் குறித்த ஓரிடத்துக்கான வழிகாட்டிகளுக்கும் அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. அந்தப் பயிற்சியை முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் கொண்டுவந்து தமிழில் நடத்துங்கள். உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் எங்கள் ஒழுங்கையிலேயே நாலு பேர். ஒருத்தி நல்ல ஆங்கிலம் பேசுவாள், கொழும்பில் கடையில் நிற்கப் போகப்போகிறேன் என்கிறாள். அவளுக்கு இந்தக் குளக்கட்டில் வேலை இருக்கிறது. பிரதேச சபையும் குளத்தடியில், கோயிலடியில், கற்சிலைமடுக் கல்லடியில் ஊர்ப் பெயரும் அதன் கதையும் எழுதிய பலகை நாட்டவேண்டும். பலகைக்கு எழுத ஊரில் முதியவர்களிடம் கேளுங்கள். வருடத்துக்கு வருடம் ஆட்கள் குறைகிறார்கள்.

என்னிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. கட்டின் ஒவ்வொரு வளைவையும் ஒவ்வொரு துருசையும் வாய்க்காலையும் பழைய ஆட்கள் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று நினைவில் உள்ளதை எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். இடம்பெயர்ந்தபோது முதல் எழுதியது தொலைந்தது, இது இரண்டாந்தரம் எழுதியது. படிக்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் காசு பணம் இல்லாமல் சொல்லித்தர ஆயத்தமாக இருக்கிறேன். காலை ஆறு மணிக்கு வந்தால் வெயில் ஏறமுன் வலதுகரைத் துருசு வரைக்கும் நடந்து திரும்பலாம். யானை நிற்கிற காலத்தில் மட்டும் ஏழு மணிக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்ப்பாசன வேலை மேற்பார்வையாளர்,
ஒட்டுசுட்டான்.