ஞாயிறு: பழைய கடைவரிசைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. ஞாயிறு காலை 8 மணிக்கு நம்ம மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஊரில், பழைய கடைவரிசையில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் பொதுவேலை. பழைய சுவர்களுக்கு சிமெண்டும் பிளாஸ்டிக் சாயமும் வேண்டாம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, காரை பொரிந்து விழும்.

மூலைக் கடைப் பலகைக் கதவில், வரிசை மாறாமல் பூட்டுவதற்காக க, உ, ங (1, 2, 3) என்று தமிழ் எண்கள் செதுக்கியிருக்கிறார்கள். அதைத் தேய்த்துவிடாதீர்கள், மனசு தாங்காது.

ஐந்தடி நடைபாதையில் (கடை முன்னால் கூரைக்குக் கீழே போகும் வழி) சாமான் அடுக்கியிருப்பவர்கள் சனிக்கிழமையே ஒதுக்கிவிடுங்கள். சம்பள நாளில் தோட்டத்து ஜனங்கள் மழைக்கு ஒதுங்கி நடந்த வழி அது.

அப்புறம், வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிடுங்கள். கடை அழகானதும் வாடகை ஏறி அவர்கள் வெளியேறும்படி ஆகிவிடக் கூடாது. கட்டட உரிமையாளர்களிடம் இதை நானே நேரில் பேசுகிறேன்.