கோல்லம் படக்குழுவுக்கு: ஹாபிட்டில் நடந்தது மறுபடி நடக்க வேண்டாம்

வார்னர் பிரதர்ஸ், நியூ லைன் சினிமா நிர்வாகத்தினருக்கும், இயக்குநர் ஆண்டி செர்கிஸ் அவர்களுக்கும், தயாரிப்பாளர் பீட்டர் ஜாக்சன் அவர்களுக்கும் வணக்கம்.

எழுத்தாளர் டோல்கீனின் கதைகளில் மோதிரத்தை இழந்து அலையும் கோல்லத்தைத் தேடிப் போகும் படத்தை 2024 மே மாதம் அறிவித்தீர்கள். 2027 டிசம்பரில் வரும் என்கிறீர்கள். டோல்கீனை வரிவரியாகப் படித்தவர்கள், 'மோதிரங்களின் தலைவன்' (லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்) மூன்று, 'ஹாபிட்' மூன்று என உங்கள் ஆறு படங்களையும் நீண்ட பதிப்புகளோடு பார்த்தவர்கள் என்ற உரிமையில் எழுதுகிறோம். வேண்டுகோள் ஒன்றுதான்: கதை எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கே படம் எடுங்கள், திரைக்கதையும் முன்தயாரிப்பும் முடியாமல் படப்பிடிப்புக்குப் போகாதீர்கள்.

1937-இல் வந்த 'ஹாபிட்' 19 அத்தியாயங்கள் கொண்ட சிறுவர் நாவல். அதிலிருந்து 169, 161, 144 நிமிடங்களில் மூன்று படங்கள் வந்தன. படம்பிடிக்கும்போது திட்டம் இரண்டு படம்தான். முதன்மைப் படப்பிடிப்பு 2012 ஜூலைத் தொடக்கத்தில் முடிந்தது, அதே மாதக் கடைசியில் மூன்றாவது படம் அறிவிக்கப்பட்டது. இரண்டுக்கென எழுதியதை மூன்றாக வெட்டினால் நடுப்படத்துக்கு முடிவு இருக்காது, கடைசிப் படத்துக்குச் சரக்கு இருக்காது. ஸ்மாக் என்ற டிராகன் நகரத்தை நோக்கிப் பறக்கும்போது இரண்டாம் படம் அப்படியே அறுந்துபோகிறது. மூன்றாவதை நிரப்பியது போர். நாவலில் ஐந்து படைகளின் போரில் கதாநாயகன் பில்போ கல்லடி பட்டு மயங்கி விழுகிறான். மிச்சத்தைப் பிறகு பிறர் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறான். ஒரு சின்ன ஆளின் கண்ணில் போர் எப்படிப்படும் என்பதை டோல்கீன் அங்கே காட்டுகிறார். படத்தில் அதுவே முக்கால் மணி நேரம் ஓடுகிறது, பில்போ ஓரமாக நிற்கிறான்.

பீப்பாய்க் காட்சியும் அப்படித்தான். நாவலில் குள்ளர்களை மூடிய பீப்பாய்களுக்குள் அடைத்து அனுப்புகிறான் பில்போ. மூச்சு முட்டும் இருட்டு, குளிர்ந்த தண்ணீர், உள்ளே உயிரோடு இருக்கிறார்களா என்ற பதைப்பு. படத்தில் பீப்பாய்கள் திறந்திருக்கின்றன, கரையெல்லாம் ஓர்க்குகள் என்ற அரக்கப் படை. பரபரப்பு கூடியது, பயம் போய்விட்டது. டோல்கீன் 'மோதிரங்களின் தலைவன்' நாவலுக்கு எழுதிய பிற்சேர்க்கைப்படி, இந்தக் கதைக்கு 142 ஆண்டுகளுக்கு முன்பே செத்த ஓர்க் தலைவன் அசோக்கை (Azog) உயிரோடு கொண்டுவந்ததும் படத்துக்கு ஒரு துரத்தும் வில்லன் தேவைப்பட்டதால்தான்.

இதற்கெல்லாம் வேர் நேரமின்மை. 'மோதிரங்களின் தலைவன்' படங்களுக்கான ஆயத்தம் 1997-லேயே தொடங்கியது, கேமரா ஓடியது 1999 அக்டோபரில். ஹாபிட்டிலோ முதலில் இயக்கவிருந்த கியர்மோ டெல் டோரோ 2010 மே மாதம் விலகினார். ஜாக்சன் ஏற்றுக்கொண்டு 2011 மார்ச்சில் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. போதிய ஆயத்தம் இல்லாமலே இறங்கியதை அவரே படப்பிடிப்பு பற்றிய ஆவணப்படங்களில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அந்த நேர்மையை மதிக்கிறோம். அதனால்தான் உங்களிடமே கேட்கிறோம்.

தொழில்நுட்ப முடிவுகள் தனியாகப் பேச வேண்டியவை, ஏனென்றால் கதைக்கு வெளியே தோன்றினாலும் அவை நடிப்பையே பாதித்தன. 'மோதிரங்களின் தலைவன்' படங்கள் மூன்றிலும் ஒருவரைக் கேமராவுக்கு அருகிலும் இன்னொருவரைத் தள்ளியும் நிறுத்தி உயர வித்தியாசம் காட்டினார்கள். இருவரும் ஒரே அறையில், ஒருவர் குரலுக்கு ஒருவர் பதில் சொல்லி நடிக்க முடிந்தது. இரண்டு லென்ஸில் முப்பரிமாணமாகப் படம்பிடித்தால் இந்த உத்தி செல்லாது. உண்மையான தூரத்தைக் கண் பிடித்துவிடும். ஆகவே குள்ளர்கள் ஓர் அரங்கில், கேன்டால்ஃப் வேறொரு பச்சைத்திரை அரங்கில், இரண்டு கேமராக்களும் கணினி வழியே அளவு மாற்றி ஒன்றாக நகர்ந்தன. சக நடிகர்களுக்குப் பதில் அவர்களுடைய படம் ஒட்டிய கம்பங்களோடு பேச வேண்டியிருந்த, கேன்டால்ஃபாக நடித்த இயன் மெக்கெல்லன் மனமுடைந்து அழுதார்.

நொடிக்கு 48 ஃபிரேம் எடுத்ததும் இப்படித்தான். வழக்கமான 24 ஃபிரேம் படத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் ஏறத்தாழ நொடியில் 48-இல் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்கும். ஹாபிட்டில் அது 64-இல் ஒரு பங்கு. அசைவில் வரும் மெல்லிய கலங்கல்தான் ஒப்பனையையும் செட்டையும் மறைத்துக் காப்பாற்றுவது. அது குறைந்ததும் ஒட்டு மூக்கின் விளிம்பும் பூசிய பாறையும் பளிச்செனத் தெரிந்தன. சாதாரண திரையரங்குக்காக ஒன்றுவிட்டு ஒன்று ஃபிரேம் எடுத்தபோதும் அந்தக் கலங்கல் திரும்பவில்லை. போதாததற்கு அந்த டிஜிட்டல் கேமரா சிவப்பை விழுங்கியது. முகங்களில் கூடுதல் சிவப்பு பூச வேண்டியதாயிற்று.

அதே படத்தில் இருட்டுக் குகையில் பில்போவும் கோல்லமும் விடுகதை போடும் காட்சியைப் பாருங்கள். ஐந்தாம் அத்தியாயம். படப்பிடிப்பிலேயே முதலில் எடுத்த காட்சி. பில்போவாக மார்ட்டின் ஃபிரீமனும் கோல்லமாகச் செர்கிஸும் ஒரே இடத்தில் நின்று, நாடகம்போல் நீண்ட ஷாட்டுகளில் நடித்தார்கள். செர்கிஸின் அசைவும் முகமும் அங்கேயே பதிவாயின. மூன்று படங்களிலும் சிறந்த பகுதி இதுதான் என்பது எங்கள் முடிவு. இரண்டு பேர், ஒரு குகை, ஒரு மோதிரம். போர் எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் புதிய கதையின் இயல்பும் அதுவே. 1969-இல் டோல்கீன் விற்ற திரை உரிமை 'ஹாபிட்', 'மோதிரங்களின் தலைவன்' இரண்டுக்கும்தான். கோல்லத்தைத் தேடும் வேட்டையைப் பற்றி விரிவாகப் பேசும் பிற்காலத் தொகுப்பு அதில் அடங்காது. கையில் இருப்பவை ஹாபிட்டுகளின் ஊரான ஷயரில் கேன்டால்ஃப் நாயகன் ஃபுரோடோவிடம் சொல்வதும், எல்ரோண்டின் அவையில் பேசப்படுவதும், பிற்சேர்க்கையின் ஆண்டுக் குறிப்புகளும். கதையின் ஆண்டுக் கணக்கில் 3017-இல் எதிரியின் நாடான மோர்டோர் கோல்லத்தை விடுவிக்கிறது. செத்த சதுப்பில் அரகார்ன் அவனைப் பிடிக்கிறான். கடி வாங்குகிறான். கழுத்தில் கயிறு, வாயில் அடைப்பு, பசியிலும் தாகத்திலும் அடக்கி மிர்க்வுட் காடு வரை ஓட்டிப்போகிறான். பின்னால் அரசனாகப் போகிறவன் இவ்வளவு கடுமையாக நடந்துகொள்வதை நாவல் ஒளிக்கவில்லை, நீங்களும் ஒளிக்க வேண்டாம். அந்த நடைதான் படம்.

ஆகவே ஒரே படமாக, இரண்டரை மணிக்குள் முடியுங்கள். 24 ஃபிரேமில் எடுங்கள், முப்பரிமாணக் கேமரா வேண்டாம். ஓர்க்குகளுக்கு ஒப்பனை போட்ட மனிதர்களையே நிறுத்துங்கள். எல்ஃப் வீரர் லெகோலாஸ் வரலாம், 'ஹாபிட்' நாவலில் அவருக்கு வேலை இல்லை, ஆனால் கோல்லம் தப்பிய செய்தியை அவைக்குக் கொண்டுவருபவர் அவரே. இல்லாத படையெடுப்பு ஒன்றைக் கடைசி அரைமணிக்குச் சேர்க்காதீர்கள்.

படப்பிடிப்பு தொடங்கும் நாளில் கடைசிக் காட்சி எழுதி முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுங்கள், காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
டோல்கீன் வாசகர்கள் சிலர்