மேற்குச் சுவரை அடைக்காதே

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய வீட்டு பிளானைப் பார்த்தேன். ஹால் தாராளம். அம்மாவுக்குக் கீழேயே அறை ஒதுக்கியது ரொம்பச் சரி. ஒன்றுதான் உறுத்துகிறது. வெயிலுக்குப் பயந்து மேற்குச் சுவரை முழுக்க அடைத்துவிட்டாய். ஆனி, ஆடியில் ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று தென்காசிக்காரனுக்குச் சும்மா கிடைக்கிற ஏ.சி. அதற்கு முதுகைக் காட்டி யாராவது வீடு கட்டுவார்களா? பெரிய ஜன்னல் வேண்டாம். சன்ஷேடு போட்டுச் சின்னதாக ஒன்று வை. வெக்கை மேலேதான் போய்த் தேங்கும். அது வெளியேற, எதிரே கிழக்குச் சுவரில் கூரையை ஒட்டி வெண்டிலேட்டர் வேண்டும். அந்தக் காலத்து வீடுகளில் அறைக்கு அறை இருந்தது. ஃபால்ஸ் சீலிங் வந்ததும் காணாமல் போயிற்று.

படுக்கையறைக்கு ஏ.சி. போடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருப்பதையே குளிர்வித்துச் சுற்றவிடும். பையன் கரியமில வாயுவை அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கி வந்தான். வெளிக்காற்றில் சுமார் 420 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 420 பங்கு) இருக்கும். நாங்கள் இரண்டு பேர் கதவைச் சாத்திப் படுத்தோம். விடிவதற்குள் 2000-ஐத் தாண்டிவிட்டது. காலையில் தலை கனப்பதற்கு வயதை மட்டும் குறை சொல்ல முடியாது போல. மறுநாள் ஜன்னலை இரண்டு விரல்கடை திறந்துவிட்டு, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டோம். 1000-க்குள் நின்றது. குளிர் கொஞ்சம் வீணாகும்தான். ஏ.சி.யை 26-இல் வைத்து, மேலே கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் ஓட்டினால் அது சரிக்கட்டிவிடும். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இதற்கு 30 சொச்சம் போதும்.

உன் இன்ஜினியர் சொன்ன ஈ.ஆர்.வி., அதாவது உள்காற்றை வெளியேற்றி வெளிக்காற்றை உள்ளே விடும் பெட்டி, நல்ல யந்திரம்தான். வெளியேறும் காற்றும் உள்ளே வரும் காற்றும் கலக்காமலேயே வெப்பத்தையும் ஈரத்தையும் கைமாற்றிக்கொள்ளும். பனிக்காலம் முழுக்க ஜன்னல் திறக்க முடியாத கனடாவில் அப்படிப்பட்ட யந்திரம் இல்லாமல் முடியாது. உன் ஊரில் அந்தக் காசை நல்ல கொசுவலைக்குப் போடலாம். வெண்டிலேட்டருக்கும் சேர்த்து அடி. அப்புறம் கொசுவர்த்திச் சுருளுக்கு வேலை இருக்காது. ஒரு சுருள் எரிந்து முடிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஓர் ஆய்வு கணக்குச் சொல்கிறது. அம்மாவுக்கு வீசிங் வேறு இருக்கிறதே.

சமையலறைக்குக் குழாய் இல்லாத சிம்னியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஏமாறாதே. எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், அவ்வளவுதான். வெக்கையும் ஆவியும் அடுப்பு வாயுவும் வீட்டைத்தான் சுற்றும். குழாய் வெளியே போகட்டும்.

ஜன்னலுக்கு மேலே லிண்டல் போடுவதற்கு முன் மேஸ்திரியிடம் இதையெல்லாம் சொல்லிவிடு. பிறகு சுவரை உடைக்கச் சொன்னால் தனிக் கூலி கேட்பார். கிரகப்பிரவேசத் தேதி முடிவானதும் எழுது, பொதிகை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
ராமு