அந்த நூறு ரூபிள்

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபமாக இருப்பாய், இரு. இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. முழங்காலுக்கு நான் அனுப்பிய தைலத்தை நீ இன்னும் திறந்தே பார்த்திருக்க மாட்டாய், தெரியும்.

எழுதுகிற காரணம் வேறு. வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, என் கல்யாணத்துக்கு நீ கொடுத்த டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ கிடைத்தது. (கல்யாணத்துக்குப் போய் இதையா கொடுப்பார்கள் என்று அம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா?) அன்றைக்கு அதைக் காதல் கதையாகத்தான் படித்தேன். இந்த முறை நாலு நாள் தூக்கம் போய்விட்டது.

கதை உனக்குத் தெரியும். கதாநாயகன் நெஹ்லூதவ் தன் அத்தைகள் வீட்டில் வளர்ந்த கத்யூஷாவைக் கெடுத்துவிட்டு, ஓர் உறையில் நூறு ரூபிளை வைத்து அவள் மேல் திணித்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போய்விடுகிறான். பல வருஷம் கழித்து அவன் ஜூரியில் உட்கார்ந்திருக்கும்போது கொலைக் கேஸில் அவளையே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். அங்கேதான் எனக்கு மூச்சு முட்டியது. அவளுக்குக் கெடுதல் செய்யவேண்டும் என்று யாருக்கும் எண்ணமில்லை. தலைமை நீதிபதி ஒரு பெண்ணைப் பார்க்கச் சீக்கிரம் கிளம்பவேண்டும், அரசு வக்கீலுக்குக் கேஸைப் படிக்க நேரம் இருந்திருக்கவில்லை, ஜூரிகளுக்கு அலுப்பு. ‘கொல்லும் நோக்கமில்லாமல்’ என்று எழுத மறந்துவிடுகிறார்கள். அது விட்டுப்போனதில் அவளுக்கு நாலு வருஷம் சைபீரியாவில் கடும் உழைப்பு.

படிக்கப் படிக்க நம் பாங்கில் அந்த மார்ச் 31 சாயங்காலம்தான் கண்ணில் நின்றது. கேஷில் ஐயாயிரம் குறைந்தது, எல்லாருக்கும் வீட்டுக்குப் போகவேண்டும். கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போன சுப்பையா அண்ணன்தான் என்று யாரோ சொன்னார்கள், நீயும் நானும் பேசாமல் இருந்தோம். நீ தெரியாமல் இருந்தாய். நான் தெரிந்தே இருந்தேன் சேகர். இத்தனை வருஷம் உன்னிடம்கூட இதைச் சொல்லவில்லை. மத்தியானம் அரிசி மண்டிக்காரருக்கு ஐம்பது ரூபாய்க் கட்டு ஒன்று கூடப் போய்விட்டதோ என்று அப்போதே எனக்குச் சந்தேகம். அடுத்த வாரம் அவர் என் கண்ணைப் பார்க்காமல் டோக்கனை நீட்டியபோது சந்தேகமும் இல்லை. அதற்குள் அண்ணனை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போய்ப் பையன் சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்துவிட்டு வந்தேன். அதுதான் என்னுடைய நூறு ரூபிள்.

கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று ஜெயிலுக்கே வந்து நிற்பவனிடம் கத்யூஷா வெடிக்கிறாளே, இந்த உலகத்தில் என்னை அனுபவித்தாய், அந்த உலகத்திலும் என்னை வைத்தே கரையேறப் பார்க்கிறாயா என்று, அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. ஏனென்றால் அண்ணன் காலில் விழுந்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பவேண்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். கோனி என்ற நீதித்துறைக்காரர் 1887ல் டால்ஸ்டாயிடம் சொன்ன நிஜச் சம்பவம்தான் இந்தக் கதைக்கு விதை. நிஜத்தில் அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்பே ஜெயிலில் டைபஸ் காய்ச்சலில் செத்துப்போனாள். டால்ஸ்டாய் தன் பெண்ணைச் சாகவிடவில்லை. உயிரோடு நின்று, வேண்டாம் என்று அவனிடம் சொல்ல வைத்தார். கூட வந்த அரசியல் கைதி சிமன்சனோடு போகிறாள். கடைசியில் வருகிற வேதாகமப் பிரசங்கம் எனக்கு ஒட்டவில்லை, ஆனால் அவள் வேண்டாம் என்று சொன்ன இடத்துக்காக அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

சுப்பையா அண்ணன் இருக்கிறார். கோவில்பட்டிப் பக்கம், மகனோடு. ராமையா போன மாதம் பார்த்துவிட்டு வந்தான். ஊரில் இன்னும் அந்தப் பணத்தைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் உண்டாம். அதனால் பணம் கொண்டுபோகவில்லை, மன்னிப்பும் கேட்கப்போவதில்லை. நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவர் பிள்ளைகள் முன்னால் வாசித்துவிட்டு அவர் கையில் கொடுக்கப்போகிறேன். அதற்குமேல் அவர் என்ன சொன்னாலும், கதவைச் சாத்தினாலும், அது அவர் பாடு.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணி பஸ். உன் முழங்கால் விட்டால் கூட வா. அந்தத் தாளின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் இருந்தவன் நீ, நிதானமாகப் படி. எனக்குச் சாதகமாக ஏதாவது எழுதியிருந்தால் அடித்துவிடு, எதையாவது விட்டிருந்தால் சேர்த்து எழுதி அனுப்பு.

உன்
கணேசன்