கொடுக்கும் முன் எதை நினைத்துத் தயங்கினீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழில் செய்பவர்கள் தங்கள் விளம்பரங்களிலும் இணையப் பக்கங்களிலும் போடும் வாடிக்கையாளர் கருத்துரைகளைப் பற்றி எழுதுகிறோம். ‘அருமையான சேவை’, ‘மேலும் வளர வாழ்த்துகள்’, ‘அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன்’ என்ற மூன்றுக்குள் பெரும்பாலானவை அடங்கிவிடுகின்றன. கடையின் பெயரை மறைத்துவிட்டால், எழுதியது தையற்காரருக்கா கணக்காளருக்கா என்றே சொல்ல முடியாது. உழைத்து நல்ல வேலை செய்பவருக்கும் இதே வரிகள், அரைகுறையாகச் செய்பவருக்கும் இதே வரிகள் என்றால், படிப்பவர் எதை வைத்து நம்புவார்?

இதில் வாடிக்கையாளர்மீது குறை இல்லை. ‘எங்களைப் பற்றி ரெண்டு வரி எழுதிக் கொடுங்களேன்’ என்று கேட்டால், எழுதிப் பழகாதவர் வாழ்த்து அட்டையின் மொழிக்குத்தான் போவார். அல்லது என்ன எழுதுவதென்று தெரியாமல் தள்ளிப்போடுவார். அவரை எழுதச் சொல்லாமல் பேச வைத்தால் போதும். தொலைபேசியில் 10, 15 நிமிடம், அவர் சம்மதத்தோடு ஒலிப்பதிவு, கையில் நான்கைந்து கேள்விகள். இதற்குமேல் கருவி எதுவும் தேவையில்லை.

‘எங்களிடம் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது, அதைச் சரிசெய்ய வேறு என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள்?’ என்று தொடங்கலாம். அடுத்த கேள்விதான் முக்கியமானது: ‘எங்களிடம் வேலையைக் கொடுக்கும் முன் எதை நினைத்துத் தயங்கினீர்கள்?’ பலர் இதைக் கேட்கவே அஞ்சுகிறார்கள். குறையை நாமே கிளறிவிடுவது போலத் தோன்றுகிறது. ஆனால் புதிதாக வரப்போகிறவர் மனதில் இருப்பதும் அதே தயக்கம்தான். விலை அதிகமோ, சொன்ன தேதிக்கு முடிப்பாரோ, பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ, பழுதானால் கூப்பிட்ட குரலுக்கு வருவாரோ என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதே பயத்தோடு வந்த ஒருவர், பிறகு நடந்தது இதுதான் என்று சொல்லும்போது அது பாராட்டாக இல்லாமல் பதிலாகவே அவர் காதில் விழுகிறது. ‘தயக்கமெல்லாம் ஒன்றுமில்லை’ என்று மரியாதைக்காகச் சிலர் மழுப்புவார்கள். அப்போது ‘வேறு யாரையெல்லாம் விசாரித்தீர்கள்?’, ‘வீட்டில் யாராவது வேண்டாம் என்றார்களா?’ என்று கேள்வியை மாற்றிப் போட்டால் விஷயம் வெளியே வரும்.

பிறகு, வேலை முடிந்தபின் என்ன மாறியது, எதிர்பார்க்காத நன்மை ஏதாவது கிடைத்ததா, இது யாருக்குப் பயன்படும், யாருக்கு ஒத்துவராது என்று கேட்கலாம். ‘பிடித்திருந்ததா?’ என்று மட்டும் கேட்கக்கூடாது. ‘ஆமாம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

பதிலில் பண்புச்சொல் வரும் இடமெல்லாம் நின்று துணைக்கேள்வி போட வேண்டும். ‘சீக்கிரம் முடித்தார்’ என்றால் எத்தனை நாளில்? ‘நன்றாகப் பேசினார்’ என்றால் எந்தச் சமயத்தில், என்ன சொன்னார்? ‘நேரம் மிச்சமானது’ என்றால் முன்பு எவ்வளவு ஆனது, இப்போது எவ்வளவு? கேட்டுவிட்டுச் சற்றுப் பேசாமல் இருக்க வேண்டும். அவர் யோசிக்கும் அந்த இடைவெளியில் நாம் வாய் திறந்து ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தால், அதையே திருப்பிச் சொல்லிவிடுவார். உரிமையாளரே கேட்டால் முகத்துக்காகப் பேசுவார் என்று தோன்றினால், அந்த வேலையில் நேரடியாக ஈடுபடாத ஒருவர் கேட்பது நல்லது.

எப்போது கேட்பது என்பது தொழிலைப் பொறுத்தது. விருந்துச் சமையல், ஒப்பனை போன்றவற்றில் நினைவு பசுமையாக இருக்கும் ஓரிரு நாளிலேயே கேட்டுவிட வேண்டும். கணக்கு, மென்பொருள், பயிற்சி போன்றவற்றில் பயன் தெரிந்த பிறகே கேட்க வேண்டும். முதல் மாதக் கணக்கு முடிப்பு, முதல் தேர்வு முடிவு போன்ற இடங்கள் பொருத்தமானவை. கட்டணப் பாக்கி நிற்கும்போதோ புகார் ஒன்று தீராமல் இருக்கும்போதோ கேட்கவே கூடாது.

ஒரு மாதிரி பார்ப்போம். சமையலறை அலமாரி செய்து தரும் தச்சரின் வாடிக்கையாளர் இப்படிப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: ‘நல்லாதாங்க செஞ்சார். முதல்ல பயம்தான், முன்னாடி ஒருத்தர் முன்பணம் வாங்கிட்டு ரெண்டு மாசம் இழுத்தடிச்சார். இவர் 12 நாள்னு சொன்னார்... 13 ஆச்சு. ஆனா முந்தின நாளே போன் பண்ணி, கீல் வந்து சேரல, ஒரு நாள் ஆகும்னு சொல்லிட்டார். ஆளுங்க தினமும் கூட்டி அள்ளிட்டுத்தான் போனாங்க. சமையல் ஒரு வேளைகூட நிக்கல.’

தச்சர் முதலில் வெட்ட நினைப்பது ‘13 ஆச்சு’ என்பதைத்தான். அதை வெட்டினால் இந்தக் கருத்துரையின் உயிரே போய்விடும். ஒரு நாள் தாமதத்தை மறைக்காமல் சொல்பவர் மற்றதையும் உண்மையாகத்தான் சொல்கிறார் என்று படிப்பவர் நம்புகிறார். முன்கூட்டியே தகவல் சொல்லும் நல்ல பழக்கமும் அந்த ஒரு நாளில்தான் தெரிகிறது. ‘நல்லாதாங்க செஞ்சார்’ என்ற முதல் வரியைத் தாராளமாக எடுத்துவிடலாம். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்குவதிலும் தவறில்லை. ஆனால் ‘குறித்த காலத்தில் பணியைச் செவ்வனே நிறைவேற்றினார்’ என்று மாற்றினால் அது அவர் சொன்னது ஆகாது, உண்மையும் ஆகாது.

திருத்துவதற்கு நாங்கள் கடைப்பிடிக்கும் விதி எளிது: குறைக்கலாம், வரிசையை மாற்றலாம், கூட்டக்கூடாது. எண்ணை முழுமையாக்கிப் பெரிதாக்குவதும் கூட்டல்தான். 60 முதல் 100 சொல்லுக்குள் நிறுத்தி, மிக வலுவான வாக்கியத்தைத் தலைப்பாக மேலே எடுத்துவைக்கலாம். நாமே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து மட்டும் வாங்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். பத்து பேர் ஒரே குரலில் பேசுவதைப் படிப்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

இறுதி வடிவத்தை அவருக்கு அனுப்பி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். பெயர் முழுதாகவா, முதலெழுத்து மட்டுமா. புகைப்படம், குரல் உண்டா. இணையத்தில் மட்டுமா, அச்சிலுமா. எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற உறுதி ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும். ‘ஓகே’ என்று வந்த ஒரு குறுஞ்செய்தியை எல்லாவற்றுக்குமான அனுமதியாக நீட்டிக்கக்கூடாது. மருத்துவம், சட்டம், மனநல ஆலோசனை போன்ற தொழில்களில் வாடிக்கையாளரின் பெயரே ரகசியம். அங்கு முதலில் தொழில் ஒழுங்கு விதிகள் இதை அனுமதிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பரிசும் தள்ளுபடியும் காட்டிப் பாராட்டு வாங்குவது இன்று வெறும் ஒழுக்கப் பிரச்சினை அல்ல. ரிவ்யூ போடுவதற்குச் சன்மானம் தருவதையும், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பதையும் கூகுள் மேப்ஸ் விதிகள் தடுக்கின்றன. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் கொண்டுவந்து 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, போலிக் கருத்துரைகளையும், சாதகமாகவோ பாதகமாகவோ எழுத வேண்டும் என்ற நிபந்தனையோடு பணம் தருவதையும் தடை செய்கிறது. இணையக் கருத்துரைகளைத் திரட்டி வெளியிடும் முறைக்கு ஐஎஸ்ஓ 20488 என்ற உலகத் தரநிலையே 2018இல் வந்துவிட்டது. நம் சொந்தப் பக்கத்தில் எதைப் போடுவது என்று தேர்ந்தெடுக்க நமக்கு உரிமை உண்டு. பொதுத் தளத்தில் எழுதச் சொல்வதாக இருந்தால் எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் பலருக்குச் சிக்கல்.

கிடைத்த கருத்துரைகளை ‘வாடிக்கையாளர்கள் சொல்கிறார்கள்’ என்று தனிப் பக்கத்தில் குவித்து வைத்தால் யாரும் தேடிப்போய்ப் படிப்பதில்லை. விலைப் பயத்துக்குப் பதில் சொல்வதை விலைப்பட்டியலுக்கு அருகிலும், தாமதப் பயத்துக்குப் பதில் சொல்வதை முன்பதிவுப் படிவத்துக்கு அருகிலும் வைக்க வேண்டும். மாதமும் ஆண்டும் கட்டாயம். ஐந்தாண்டுப் பழைய பாராட்டு, இப்போது வேலை நடக்கிறதா என்ற சந்தேகத்தையே கிளப்பும்.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். வாடிக்கையாளரின் படமும் சொல்லும் சேர்ந்த விளம்பரம் வரும்போது, அவர் கொடுத்த எழுத்து ஒப்புதலின் நகலை விளம்பரப் பிரிவு கேட்டு வாங்க வேண்டும். நேர்மையாகக் கேட்டு வாங்கியவருக்கு அது ஒரு தாளை எடுத்துக் கொடுக்கும் வேலைதான். இல்லாத வாடிக்கையாளரை உருவாக்கியவரால் அதைத் தர முடியாது.

இப்படிக்கு,
சிறு தொழில்களுக்கு விளம்பரம் எழுதித் தரும் வாசகர்கள்