வரி குறைவு என்பதை எதை வைத்து அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிவை நெருங்கும் வேளையில், எங்கள் ஊர் டீக்கடைகளிலும் ரேஷன் கடை வரிசையிலும் அடுத்த தேர்தலைப் பற்றிய பேச்சு தொடங்கிவிட்டது. வாக்குக் கேட்டு வரப்போகிறவர்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், வீட்டு வரியைக் கூட்டவிட மாட்டோம் என்பதைத்தான் முதல் வாக்குறுதியாகச் சொல்கிறார்கள். மாவட்ட நகராட்சிகளுக்கான 1920-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், பில் கலெக்டராக வீடு வீடாக ஏறி இறங்கி வரி வசூலித்து ஓய்வுபெற்றவன் நான். அந்த வாக்குறுதியை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன். மக்கள் மீது சுமை ஏறக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சுமையை அளக்கும்போது நகராட்சி அனுப்பும் கேட்புச் சீட்டை மட்டும் பார்த்தால் கணக்கு தவறிப்போகிறது.

எங்கள் தெருக்கோடியில் இட்லிக் கடை நடத்தும் ஓர் அம்மாவின் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். நானூறு சதுர அடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சொந்த வீடு. 2022 வரை அரையாண்டுக்கு 416 ரூபாய் வரி கட்டி வந்தார். அவ்வாண்டு நடந்த சீரமைப்பில் 600 சதுர அடிக்குக் குறைந்த வீடுகளுக்கு எங்களைப் போன்ற நகராட்சிகளில் 25 சதவீதம் உயர்ந்தபோது, அது 520 ரூபாய் ஆனது. கூடுதலான தொகை மாதம் ஒன்றுக்கு 17 ரூபாய்க்கு மேல் சற்றுத்தான் வரும். அதற்கே அவர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவருக்கு அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் அதே வீட்டுக் குழாயில் ஆறு நாளைக்கு ஒருமுறை, அதுவும் விடியற்காலையில்தான் தண்ணீர் வருகிறது. மங்கிய நிறத்தில் வருவதால் குடிக்க எடுப்பதில்லை. இரண்டு நாளைக்கு ஒரு 20 லிட்டர் கேன், ஒன்று 35 ரூபாய் என்று அரையாண்டுக்குத் தொண்ணூறு கேன்களுக்கு 3,150 ரூபாய் போகிறது. பாதாளச் சாக்கடை எங்கள் வார்டை எட்டவில்லை. மழைக்காலத்தில் கழிவுநீர்த் தொட்டி நிரம்பியதும் லாரியை அழைத்தார், ஒரு நடைக்கு 1,500 ரூபாய். ஆக நகராட்சிக்கு 520, நகராட்சி செய்யாமல் விட்ட வேலைக்கு 4,650. முன்னதைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கான அந்தப் பின்னதைத்தான் நான் உண்மையான வரிச்சுமை என்கிறேன். அதற்கு ரசீது இல்லை, அதைப் பற்றி மன்றத்தில் விவாதமும் இல்லை, உயரும்போது கேட்பாரும் இல்லை. சென்ற ஆண்டு 30 ரூபாயாக இருந்த கேன் இந்த ஆண்டு 35 ஆனதற்கு எந்த உறுப்பினரும் வெளிநடப்புச் செய்யவில்லை.

வரியை ஏற்றாமல் வைத்திருப்பதே நன்மை என்னும் எண்ணம் நம்மை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை சொத்து வரியைச் சீரமைக்க வேண்டும் என்பது பழைய நடைமுறை. ஆயினும் சென்னையில் 1998-க்குப் பிறகும், பிற நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் 2008-க்குப் பிறகும் அது நிலைபெறும்படி நடக்கவே இல்லை. 2018-இல் உயர்த்தினார்கள், எதிர்ப்புக் கிளம்பவே 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். பின்னர் மத்திய அரசின் பதினைந்தாவது நிதிக்குழு, சொத்து வரிக்கு மாநில அரசு ஓர் அடிப்படை வீதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் உயர்த்தும் உள்ளாட்சிகளுக்கே மானியம் என்று நிபந்தனை விதித்த பிறகுதான், 2022 ஏப்ரலில் ஒரே மூச்சில் உயர்வு வந்தது. எங்களைப் போன்ற நகராட்சிகளில் 601 முதல் 1,200 சதுர அடி வரை 50 சதவீதம், 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பதினான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் யாரும் உணராமல் கட்டியிருக்கக்கூடிய தொகை, ஒரே நாளில் தலையில் இறங்கியது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்கள் கேட்புச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றதை நான் நேரில் பார்த்தேன். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் டீசலும் குளோரினும் மின்கட்டணமும் ஊதியமும் விலை ஏறாமல் காத்திருக்கவில்லை. வருமானம் நின்ற இடத்திலேயே நின்றதால் குழாய் மாற்றும் பணி தள்ளிப் போனது, மோட்டார் பழுது பார்ப்பது தள்ளிப் போனது, நிரந்தரப் பணியிடங்கள் காலியாகவே கிடந்தன.

எனவே 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டத்தின் கீழ் 2023-இல் வந்த விதிகள் ஆண்டுதோறும் சிறிதளவு உயர்த்தும் முறையைக் கொண்டுவந்ததையும், அதன்படி 2024-இல் 6 சதவீதம் உயர்ந்ததையும், கொள்கையளவில் தவறு என்று சொல்ல என்னால் முடியவில்லை. தவறு வேறோர் இடத்தில் இருக்கிறது. உயர்த்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையை நம் மன்றங்கள் செய்வதில்லை.

அந்த வேலை வரிவிதிப்புப் பதிவேட்டைச் சரிசெய்வது. என் பணிக்காலத்தில் கடைவீதியில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. தரைத்தளத்தில் துணிக்கடை, மேலே இரண்டு தளங்களிலும் தங்கும் விடுதி. பதிவேட்டிலோ தரைத்தளம் மட்டும், அதுவும் குடியிருப்பு என்று பதிவாகியிருந்தது. டேப்பின் ஒரு முனையை நானும் மறுமுனையைச் சக ஊழியர் ஒருவரும் பிடித்து, மூன்று தளங்களையும் அளந்து, வரைபடத்தோடு குறிப்பெழுதி மேலே அனுப்பினோம். ‘மறு ஆய்வு செய்து அனுப்புக’ என்ற குறிப்போடு கோப்பு மூன்று முறை திரும்பி வந்தது. நான்காம் முறை நான் அனுப்புவதற்குள் என்னை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அதே மாதத்தில்தான், முந்நூறு ரூபாய் நிலுவைக்காக ஒரு கைத்தறி நெசவாளர் வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கும் அறிவிப்பை அவர் மனைவியின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அவர் என்னைத் திட்டவில்லை; உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வெயிலில் வந்தீர்களே என்று குடிக்கக் கொடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தச் செம்பை நான் மறக்கவில்லை.

இன்று இதைச் சரிசெய்வது கடினமான வேலை அல்ல. வணிகக் கட்டண வீதத்தில் மின் இணைப்பு பெற்ற கட்டடங்களின் பட்டியல் மின்வாரியத்திடம் இருக்கிறது. அதை நகராட்சியின் பதிவேட்டோடு வைத்து ஒப்பிட்டால், வீடு என்று எழுதப்பட்டுக் கடையாக இயங்கும் கட்டடங்கள் அத்தனையும் ஒரு வாரத்தில் வெளியே வந்துவிடும். காலிமனைகளுக்கும் வரி உண்டு என்பது சட்டம். விலை ஏறட்டும் என்று ஆண்டுக்கணக்கில் முள்வேலி போட்டு வைத்திருக்கும் மனைகளில் எத்தனைக்கு வரிவிதிப்பு எண் இருக்கிறது என்று ஒரு தெருவில் நடந்து பார்த்தாலே தெரியும். இவற்றைப் பதிவேட்டில் ஏற்றி, பெரிய நிலுவைதாரர்களின் பட்டியலை அலுவலக வாசலில் ஒட்டி வசூலித்த பிறகு, அப்போதும் பற்றாக்குறை என்றால், ஆறு சதவீதத்தைக் கேளுங்கள். இட்லிக் கடை அம்மாவும் முகம் சுளிக்காமல் தருவார்.

வந்த பணத்தை எதற்கு முதலில் செலவிடுவது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தண்ணீர், கழிவுநீர், குப்பை, தெருவிளக்கு என்ற வரிசையை எந்த மன்றமும் மாற்றக் கூடாது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீர் என்பது மத்திய அரசின் பொறியியல் கையேடு வகுத்த அளவு. எங்கள் வார்டுக்கு அதில் பாதி கிடைத்தாலே கேன் வண்டிக்கு இங்கே வேலை இருக்காது. நிதிக்குழு எங்களைப் போன்ற ஊர்களுக்குத் தந்த மானியத்திலேயே 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டி வைத்ததும் இதனால்தான். ஆனால் நகரின் நுழைவாயிலில் அலங்கார வளைவும், யாரும் உட்காராத நீரூற்றுப் பூங்காவும் திறப்பு விழாவுக்கும் புகைப்படத்துக்கும் வசதியாக இருப்பதால், மண்ணுக்கடியில் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் குழாய்க்குப் பணம் ஒதுக்க உறுப்பினர்களுக்கு மனம் வருவதில்லை. (வரி ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நாம் சேர்த்துக் கட்டும் நூலக வரியையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். அது நகராட்சியின் பணமே அல்ல; வசூலித்ததும் நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டியது. கிளை நூலகத்தில் மழை ஒழுகும்போது இதையும் கேட்க வேண்டும்.)

வீட்டு வசதியைப் பற்றிப் பேசினால், அது நம் கையில் இல்லை, மாநில அரசின் வேலை என்று மன்றத்தில் பதில் வருகிறது. குடிசை மாற்று வாரியமாக 1970-இல் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அமைப்புதான் அடுக்குமாடிகளைக் கட்டுகிறது என்பது சரியே. ஆனால் சென்னையின் நீர்க்கரைகளில் வாழ்ந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் வைத்த அனுபவம் நமக்குச் சொல்வது என்ன? வீடு கிடைத்தது, ஆனால் வேலை செய்த இடமும் பிள்ளைகள் படித்த பள்ளியும் வெகுதூரத்தில் நின்றுபோயின. ஊரின் நடுவே, அவரவர் இருக்கும் இடத்திலேயே வீடு கட்டிக்கொள்ள உதவுவதுதான் மேல். அதற்கு உள்ளூர் மன்றத்தால் செய்ய முடிந்தது நிறையவே இருக்கிறது.

எங்கள் ஊர் வாய்க்கால் மேட்டுத் தெருவில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்குப் பட்டா இல்லை. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் தாமே வீடு கட்டிக்கொள்வோருக்கு மத்திய, மாநில அரசுகளின் பங்கு சேர்த்து 2,10,000 ரூபாய் மானியம் 2015 முதல் வழங்கப்பட்டு வந்தது. இடத்துக்கு ஆவணம் இல்லாததால் அந்தத் தெருவில் ஒருவராலும் விண்ணப்பிக்க முடியவில்லை. பட்டா தருவது வருவாய்த்துறை என்றாலும், நகராட்சியின் பொறுப்பில் உள்ள புறம்போக்கு என்றால் மன்றம் தடையின்மைத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். ஒரு மாலைக் கூட்டத்தில், ஒரு பைசா செலவில்லாமல் முடிக்கக்கூடிய வேலை அது. நீர்வழிப் பாதையில் உள்ள வீடுகளுக்கு அப்படிச் செய்ய முடியாது என்பதை அறிவேன். மேட்டில் இருப்பவை எவை, வாய்க்காலுக்குள் இருப்பவை எவை என்று அளந்து பிரித்துச் சொல்லவாவது வேண்டாமா? நகராட்சிக்கு உழைக்கும் தூய்மைப் பணியாளர்களின் குடியிருப்பையும் சொல்லியாக வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள அந்த வரிசை வீடுகளில் கூரைக் காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தொங்குகிறது. மழை பெய்தால் பிள்ளைகளைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைக்கிறார்கள். விடியுமுன் எழுந்து ஊரைக் கூட்டுகிறவர்களுக்கு நனையாமல் படுக்க ஓரிடம் தராத மன்றம், வேறு யாருக்கு வீடு தரப் போகிறது?

இவற்றையெல்லாம் எங்கே கேட்பது என்று வாசகர்கள் நினைக்கலாம். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் நகராட்சிகளுக்கு உரியவை என்று பதினெட்டுப் பொருள்களைப் பட்டியலிட்டது. வார்டுக் குழு, வார்டின் ஒவ்வொரு பகுதியிலும் மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் 2022-இல் தமிழ்நாட்டில் வந்தன. அவ்வாண்டு நவம்பர் 1 அன்று, உள்ளாட்சி நாளில், பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. எங்கள் பகுதியில் அன்று போட்ட பந்தலில் ஐம்பது பேர் இருந்தோம். குடிநீர் பற்றி நான் கொடுத்த மனுவை வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு நடந்த கூட்டங்களுக்குத் தெருவில் முன்னறிவிப்பு இல்லை. கையெழுத்துப் புத்தகம் மட்டும் வீடு தேடி வந்தது, நான் கையெழுத்திட மறுத்துவிட்டேன்.

வரப்போகும் வேட்பாளர்களிடம் வரியைக் கூட்டுவீர்களா என்று கேட்பதற்குப் பதிலாக மூன்று கேள்விகளை வாசகர்கள் கேட்க வேண்டுகிறேன். உங்கள் வார்டில் பதிவேட்டுக்கு வெளியே இருக்கும் கட்டடங்களைப் பதவியேற்ற முதல் ஆண்டிலேயே அளக்கச் சொல்வீர்களா? ஆறு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீரை எந்த மாதத்துக்குள் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்குவீர்கள்? வரவு செலவுத் திட்டத்தில் எங்கள் வார்டுக்கு ஒதுக்கிய தொகையையும் செலவழித்த தொகையையும் பகுதி சபையில் வாசித்துக் காட்டுவீர்களா? வீட்டு வாசலில் நின்று வாக்குக் கேட்கும்போதே இதற்குப் பதில் சொல்லட்டும். எங்கள் தெருவில் அந்தப் பதில்களைத் தேதியிட்டு எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறோம். இட்லிக் கடையில்தான் அது இருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நகராட்சி வரி வசூலர் ஒருவர்