ஆள் வராத உலகத்தைப் படைத்த நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கற்பனை உலகத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருக்கும் அறுபது பக்கங்களையும் இரண்டு இரவுகளில் படித்து முடித்தேன். ஆறு பேரரசுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அரச வம்சாவளி, மூன்று நிலவுகளைக் கொண்டு கணக்கிடும் நாட்காட்டி என எதிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஆளுக்கொரு பாத்திரமாகி எழுத்திலேயே கதையை நடத்தும் ரோல்பிளேக்காக, டிஸ்கார்ட் என்னும் இணைய அரட்டைத் தளத்தில் உங்கள் சர்வரை, அதாவது கூடும் இடத்தை, திறந்து நான்கு மாதங்கள் ஆகியும், வருகிறவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு மறைந்துபோவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அவர்கள் செய்வதற்கு நீங்கள் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

கலியாண வீட்டில் எல்லா வேலையையும் ஒருவரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தால், மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கைதான் பார்ப்பார்கள். ரோல்பிளேக்கு வருகிறவர் வாசகராக வருவதில்லை. ஒரு பாத்திரமாக வாழவும், அந்தப் பாத்திரம் நடந்த தடம் அங்கே பதியவும் விரும்பியே வருகிறார். அவரிடம் முதல் நாளே அறுபது பக்கங்களை நீட்டினால், அது தேர்வுக்கான பாடநூலாகவே அவர் கண்ணுக்குத் தெரியும்.

1990-இல் பாவெல் கர்ட்டிஸ் என்னும் கணினி அறிஞர் தொடங்கிய, பலர் இணையத்தில் கூடி எழுத்தாலேயே உலவும் லாம்டாமூ என்னும் உலகத்தை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். தம் சொந்த வீட்டையே மாதிரியாகக் கொண்டு அவர் அதன் மையத்தை அமைத்தார். புதிதாக நுழைபவர் கோட்டு மாட்டும் ஓர் இருண்ட அறைக்குள் கண் விழிப்பார். கதவைத் திறந்தால் வரவேற்பறை, அங்கே ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். வீடு என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியுமாதலால், எதையும் படித்துவிட்டு வர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. அந்த வீட்டைச் சுற்றித்தான் மற்றவர்கள் தங்கள் அறைகளையும் பொருள்களையும் கட்டிச் சேர்த்தார்கள். ஒருவர் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு அளவும் வைக்கப்பட்டிருந்தது; அது இல்லாவிட்டால் உலகம் கட்டடக் குவியலாகிவிடும். உங்களுக்கு இப்போதைக்கு அந்த அளவுகோல் தேவையில்லை, கோட்டு அறைதான் தேவை.

எனவே பேரரசுகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பதினேழாம் பக்கத்தில் வரும் அந்த ஆற்றங்கரை ஊரை மட்டும் திறந்து வையுங்கள். அதற்கான அறிமுகம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அந்தப் பக்கத்திலும், விடை எழுதப்படாத கேள்விகள் சில கண்ணில் படும்படி இருக்கட்டும்: சந்தை ஏன் இரவில் மட்டும் கூடுகிறது, கோயில் மணியைக் கழற்றிக்கொண்டு போனவர் யார் என்பது போல. விடை உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லாதீர்கள். தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது.

புதியவரிடம் முதலில் கேட்பது மிகச் சிறியதாக இருக்க வேண்டும். ஒரு தெருவுக்குப் பெயர், ஒரு வதந்தி, ஒரு தொழில் போதும். ஆனால் அவர் தந்ததை, அந்த வாரமே வேறொருவருடைய காட்சியில் யாராவது எடுத்து ஆள வேண்டும். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். தாம் பெயரிட்ட தெருவில் முன்பின் அறியாத ஒருவருடைய பாத்திரம் ஓடி ஒளிவதைப் படித்தவர், மறுநாள் கூப்பிடாமலேயே வருவார். “அருமை” என்று பாராட்டிவிட்டு அந்தத் தெருவை மறந்துவிட்டால், அவரும் உங்களை மறந்துவிடுவார்.

ஒருவர் எழுதியதற்கும் இன்னொருவர் எழுதியதற்கும் முரண்பாடு வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். உங்கள் நாட்காட்டியைப் பார்த்தவன் என்ற முறையில் அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. விநோதப் பொருள்களையும் உயிர்களையும் அடைத்து வைக்கும் ஒரு கற்பனை அமைப்பைப் பற்றி இணையத்தில் பலர் சேர்ந்து எழுதும் எஸ்.சி.பி. அறக்கட்டளை என்னும் கூட்டுப் புனைவு, 2007-இல் ஒரு சிலையைப் பற்றி ஒருவர் எழுதிய சிறு பதிவிலிருந்து முளைத்தது. எண், வகை, அடைத்து வைக்கும் முறை, விவரிப்பு என்று அதற்கு ஒரு வார்ப்பு இருந்தது. புதிதாக எழுதுபவர் அந்த வார்ப்பைப் பின்பற்றினால் போதும். அதிகாரபூர்வமான ஒற்றை வரலாறு என்று அங்கே எதுவும் இல்லை. அவ்வளவு தளர்வு உங்களுக்கு ஒத்துவராது. ஆயினும், உங்கள் உலகத்தைப் பற்றிய செய்திகளை எல்லோரும் ஏற்றுக்கொண்டது, யாரோ ஒரு பாத்திரம் சொன்னது, இன்னும் முடிவாகாதது என மூன்றாகப் பிரித்துவிட்டால், பெரும்பாலான முரண்பாடுகள் இரண்டாம் வகைக்குள் அடங்கிவிடும். இரண்டு புலவர்கள் ஒரே போரை இரண்டு விதமாகப் பாடியிருக்கிறார்கள் என்று விட்டுவிடலாம். நான் ஒருமுறை, பருவக்கணக்குக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி ஒருவருடைய அறுவடைத் திருவிழாவை நிராகரித்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் அதன்பின் வரவேயில்லை.

இன்னும் இரண்டு செய்திகள். ஒருவர் விலகிப் போனால் அவருடைய பாத்திரமும் ஊரும் என்னவாகும் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். நிர்வாகிகளின் பாத்திரங்கள் அரசர்களாக இருக்க வேண்டாம். அரண்மனை முழுவதும் பழையவர்களாக இருந்தால் புதியவருக்கு வாயிற்காவலன் வேலைதான் மிஞ்சும்.

ஆள் தேடும்போது உலகத்தின் பெருமையை விளம்பரம் செய்வதை விட, நடந்துகொண்டிருக்கும் ஒரு காட்சியைக் காட்டி, அதில் காலியாக இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். வெள்ளம் வந்த இரவில் அக்கரைக்குப் போக மூன்று பேர் காத்திருக்கிறார்கள், ஓடக்காரரைக் காணவில்லை என்று எழுதினால், அந்த ஓடக்காரராக வர யாராவது ஒருவருக்குக் கை துறுதுறுக்கும். அந்த மூவரும் உண்மையிலேயே அங்கே ஆடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், கதவைத் திறப்பதற்கு முன்பே இரண்டு மூன்று நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர்களில் ஒருவனாக நான் வருகிறேன். அக்கரையில் ஒரு குடிசை வேண்டும். அதில் இருப்பவன் யார் என்பதை நான் சொல்லும்வரை உங்கள் பக்கங்களில் எழுதிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்